நகர அமைப்பாளர் மாநாட்டுக்கு வடசென்னையிலிருந்து போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். நகரத் திட்டமிடல் படித்து அதையே தொழிலாகச் செய்கிறேன். நகர அமைப்பாளர்களும், நிலப் பயன்பாட்டுத் திட்டங்களில் வேலை செய்பவர்களும், மக்களோடு உட்கார்ந்து திட்டம் வகுப்பவர்களும் கூடும் வட்டார மாநாடுகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய் வருகிறேன். காசிமேட்டிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் எர்ணாவூரிலிருந்தும் குடியிருப்போர் சங்கத்தினர், ஊர்ப் பஞ்சாயத்தார், கல்லூரி மாணவர்கள் எனப் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன மாநாடு? யார் வருவார்கள்?

பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நாள் நடக்கும். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), நகர் ஊரமைப்பு இயக்ககம், மாநகராட்சி ஆகியவற்றின் திட்ட அலுவலர்கள் வருவார்கள். கல்லூரி ஆசிரியர்கள், மாணவர்கள், தனியார் ஆலோசகர்கள், தொண்டு நிறுவனத்தார் வருவார்கள். இந்திய அளவில் இந்தத் தொழிலுக்கான அமைப்பு, 1951இல் தொடங்கப்பட்ட இந்திய நகர அமைப்பாளர்கள் நிறுவனம். அது ஆண்டுதோறும் தேசிய மாநாடு நடத்துகிறது. வட்டாரக் கிளைகளும் கல்லூரிகளும் தனியே கூட்டங்கள் நடத்துகின்றன. நவம்பர் 8 உலக நகரத் திட்டமிடல் நாள் என்பதால் அதை ஒட்டியும் கூட்டங்கள் இருக்கும்.

முதல் நாள் காலை தொடக்க விழா. அதன் பிறகு இரண்டு மூன்று அரங்குகளில் ஒரே நேரத்தில் அமர்வுகள் நடக்கும். ஓர் அமர்வில் நான்கைந்து பேர் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசுவார்கள். கடைசியில் கேள்வி நேரம். பல மாநாடுகளில் கடைசி நாள் களப்பயணம் உண்டு.

நான் திட்டமிடல் படித்தவன் அல்ல. என்னை உள்ளே விடுவார்களா?

பெரும்பாலான மாநாடுகளில் பதிவுக் கட்டணம் செலுத்திய எவரும் கலந்துகொள்ளலாம். உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர், மாணவர் எனக் கட்டணம் மட்டும் வேறுபடும். அறிவிப்பில் தெளிவாக இல்லையென்றால் அமைப்பாளர்களுக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். தயங்க வேண்டாம். பெருநகரத் திட்டமிடல் குழு அமைக்க வேண்டும் என்றும், அதன் உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளிடமிருந்து வர வேண்டும் என்றும் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சொல்கிறது. திட்டமிடல் என்பது பட்டம் பெற்றவர்களின் தனிச் சொத்து என்று நம் சட்டமே நினைக்கவில்லை.

வெள்ளம், லாரி, புகை என்று எங்களுக்கு உள்ளூரிலேயே ஆயிரம் தொல்லை. வட்டார மாநாட்டில் எங்களுக்கு என்ன வேலை?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வடசென்னையில் நாம் படுகிற பாடுகளில் பல வடசென்னையில் தொடங்கியவை அல்ல.

கடற்கரையைப் பாருங்கள். நம் கடலோரத்தில், ஓர் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்துகொண்டே போக, மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. இன்று நாம் கரை என்று பார்ப்பது பெரும்பாலும் கொட்டி வைத்த கருங்கல்லும், கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும்தான். தூண்டில் வளைவு போட்ட இடத்தில் மணல் நின்றால், அதற்கு அடுத்த குப்பத்தில் கரை கரையும். ஒரு குப்பத்துக்கு மட்டும் திட்டம் போட்டு இதைத் தீர்க்க முடியாது.

ஆற்றைப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு ஆந்திர எல்லைப் பக்கம் தொடங்கி, 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி, எண்ணூரில் கடலில் சேர்கிறது. அதன் கரையில் மணலி புதுநகர் இருக்கிறது. அது தானாக முளைத்த ஊர் அல்ல. சி.எம்.டி.ஏ. திட்டமிட்டு, மனை பிரித்து, தெரு அளந்து உருவாக்கிய துணைநகரம். 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டபோது அந்தத் தெருக்களில் வெள்ளம் நின்றது. பூண்டியில் மதகைத் திறக்கும் பொறியாளரும், மனைப்பிரிவு வரைந்த அமைப்பாளரும், அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றிய அம்மாவும் ஒரே ஆற்றின் ஆட்கள். அவர்கள் ஒரே அறையில் உட்காரக்கூடிய வாய்ப்புகள் மிகக் குறைவு. வட்டார மாநாடு அவற்றில் ஒன்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது நினைவிருக்கும். படகிலும் வலையிலும் அலையாத்தி மரங்களின் வேரிலும் கறுப்பாகப் படிந்தது. மாநாட்டு நிரலை எடுத்துப் பார்த்தால் வெள்ளம் ஓர் அமர்வில் இருக்கும், தொழிற்சாலை மண்டலம் இன்னோர் அமர்வில் இருக்கும், மீன்பிடி எதிலும் இருக்காது. எண்ணூரில் இவை மூன்றும் ஒரே நாளில் ஒரே தண்ணீரில் வந்து சேர்ந்தன. இதை அங்கே எழுந்து சொல்ல ஆள் வேண்டும்.

பேசத்தான் வேண்டுமா? கேட்டுவிட்டு வந்தால் போதாதா?

என் முதல் மாநாட்டில் நான் கேட்டுவிட்டு மட்டும்தான் வந்தேன். ஓர் ஆய்வாளர் எண்ணூர்ப் பகுதியின் வரைபடத்தைத் திரையில் காட்டினார். கழிமுகத்தை ஒட்டிய நீளமான ஒரு துண்டு சாம்பல் நிறத்தில் இருந்தது. ஓரத்தில் இருந்த நிறக்குறிப்பில் அதற்கு 'வெற்று நிலம்' என்று பெயர். அந்த இடம் எனக்குத் தெரியும். காலையில் அங்கே வலை காயும். வெயில் ஏறினால் கருவாடு காயும். மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். பௌர்ணமி ஓதத்தில் பாதி இடம் நீருக்குள் போகும். அந்த ஆய்வாளரிடம் வஞ்சகம் எதுவும் இல்லை. வானிலிருந்து எடுத்த படத்தில் வலை தெரியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. கட்டுரைத் தொகுப்பு அச்சாகி வந்தபோது அதிலும் 'வெற்று நிலம்' என்றே இருந்தது. அந்த நிலத்தில் நாளை ஒரு கிடங்கு வரலாம் என்று யாராவது முன்மொழிந்தால், மேற்கோள் காட்ட ஒரு நூல் தயாராக இருக்கிறது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலோர வரைபடங்களில் மீனவர் குடியிருப்புகளையும், மீனவச் சமூகத்தின் பொது இடங்களையும், மீன் உலர்த்தும் இடங்களையும் குறிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அன்றைக்கு இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

போகும் முன் என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

முதலில் உங்கள் நிலத்துக்கு அரசு என்ன நிறம் பூசியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னைப் பெருநகருக்கு 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2026ஐ இலக்காக வைத்து எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் (சர்வே எண்) ஒரு பயன்பாடு உண்டு: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விவசாயம் என்று. 'சிறப்பு மற்றும் அபாயகரமான தொழில்' என்றும் ஒரு வகை இருக்கிறது. மணலி, எண்ணூர் பக்கத்து வரைபடத்தில் அந்த நிறத்தை நிறையப் பார்ப்பீர்கள். பட்டாவில் உள்ள கிராமப் பெயரையும் புல எண்ணையும் வைத்துச் சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் தேடலாம். கத்திவாக்கம், சடையன்குப்பம் போன்ற இடங்களுக்கு வருவாய்க் கிராமப் பெயரில் தேட வேண்டும். பழைய நகரப் பகுதிகளில் பிளாக் எண்ணும் டி.எஸ். எண்ணும் (நகர அளவை எண்) தேவைப்படும்.

அடுத்து, அதே இடத்தின் கடற்கரை ஒழுங்குமுறை வரைபடம். உயரலைக் கோடு, அதாவது ஓதம் ஏறும்போது நீர் எட்டும் எல்லை, எங்கே போகிறது, உங்கள் தெரு எந்தப் பிரிவில் வருகிறது என்று பாருங்கள். ஆற்றுமுகத்திலும் உப்பங்கழியிலும் ஓதம் ஏறும் இடம் வரை இந்த விதிகள் உள்ளே வரும் என்பது பலருக்குத் தெரியாது.

மூன்றாவது வரைபடத்தை நீங்கள்தான் வரைய வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் தெருக்களைப் போட்டு, எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்தக் கால்வாய் எங்கே அடைபடுகிறது, கன்டெய்னர் லாரிகள் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வரிசை கட்டுகின்றன, வலை காயும் இடம் எது, பிள்ளைகள் பள்ளிக்கு எப்படிக் கடக்கிறார்கள் என்று குறியுங்கள். பெண்களையும் முதியவர்களையும் கூட்டி வைத்து வரையுங்கள். பழைய ஏரியின் பெயர் அவர்கள் வாயிலிருந்துதான் வரும். இந்த மூன்று தாள்களும் கையில் இருந்தால் அரங்கில் உள்ள பலரைவிட நீங்கள் நன்றாகத் தயாராகி வந்திருக்கிறீர்கள்.

இந்தத் தொழிலின் தொடக்கமே நடந்து பார்ப்பதில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1914இல் தன் நகரத் திட்டமிடல் கண்காட்சியோடு மதராசுக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. நம் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்த அதே எம்டன்தான். வேறு படங்களைத் திரட்டி 1915இல் இங்கே கண்காட்சி வைத்தார்கள். கெடிஸ் அதோடு நிற்காமல் மாகாணத்து ஊர்களைச் சந்து சந்தாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். இடித்துத் தள்ளாமல் வேண்டிய இடத்தில் மட்டும் திருத்தினால் போதும் என்பது அவர் வாதம். அதன் பிறகு 1920இல் மதராஸ் நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது.

ஆங்கிலம் சரளமாக வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். திரையில் வருவது ஆங்கிலமாக இருக்கும். பேச்சு பாதி தமிழில் வந்துவிடும். கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள். பேசுபவர் வெளிமாநிலத்தவர் என்றால் அமர்வுத் தலைவரிடம், "ஐயா, இதை மொழிபெயர்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டால் செய்வார்.

சில சொற்களை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். எஃப்.எஸ்.ஐ. என்பது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனைக்கு எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் எல்லாத் தளமும் சேர்த்து 2,400 சதுர அடி. சோனிங் என்றால் எந்த இடத்தில் எது வரலாம், எது வரக்கூடாது என்ற பகுப்பு. ஸ்டேக்ஹோல்டர் என்று யாராவது சொன்னால் அது நீங்கள்தான்.

செலவு எவ்வளவு ஆகும்?

மாநாட்டுக்கு மாநாடு மாறும். முன்கூட்டியே பதிவு செய்தால் குறையும், மாணவர்களுக்கு இன்னும் குறையும். சங்கத்தின் சார்பில் ஒருவரை அனுப்புவதாகக் கடிதம் எழுதிக் கட்டணத்தைக் குறைக்கக் கேட்கலாம். இரண்டு முறை அப்படிக் கேட்டு எங்கள் பகுதி அக்காக்களை அழைத்துப் போயிருக்கிறேன்.

எப்படிப் போவது?

கிண்டி பக்கம் நடந்தால் கவலை இல்லை. விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ வண்ணாரப்பேட்டை, சென்ட்ரல் வழியாக மாறாமல் கிண்டிக்கும் விமான நிலையத்துக்கும் போகிறது. மதுரை, திருச்சி என்றால் எழும்பூரில் ரயில். கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறுவதாக இருந்தால் திருவொற்றியூரிலிருந்து அதற்கே ஒரு பயண நேரம் ஒதுக்குங்கள். பருத்தி உடை, வசதியான செருப்பு போதும்.

எந்த அமர்வில் உட்காருவது?

தொடக்க விழாவைத் தவறவிட்டால் நட்டமில்லை. தலைப்பில் உங்கள் ஊர்ப்பெயரோ, உங்கள் ஆற்றின் பெயரோ இருக்கும் கட்டுரையைத் தவறவிடாதீர்கள். மாணவர்கள் சுவரில் ஒட்டி வைத்து விளக்கும் படங்களுக்கு முன்னால் அதிக நேரம் நில்லுங்கள். அவர்கள் அப்போதுதான் களத்திலிருந்து வந்திருப்பார்கள். நாம் சொல்வதைக் குறித்துக்கொள்வார்கள், தவறு இருந்தால் திருத்திக்கொள்வார்கள். அச்சான பிறகு திருத்துவதைவிட அங்கே திருத்துவது எளிது.

கேள்வி நேரத்தில் எப்படிப் பேச வேண்டும்?

உங்களுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். யார், எந்த ஊர் என்று ஒரு வரி. பிறகு இடம், ஆண்டு, நடந்தது. "நான் எர்ணாவூர். நீங்கள் காட்டிய வரைபடத்தில் இந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கே நாற்பது குடும்பம் மீன் காய வைக்கிறோம். களத்தில் யாரைக் கேட்டீர்கள்?" இப்படி ஒரே கேள்வியாகக் கேளுங்கள். ஐம்பது ஆண்டு வரலாற்றை அங்கே சொல்லத் தொடங்கினால், அது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், தலைவர் மணியடித்துவிடுவார். மிச்சத்தைத் தேநீர் இடைவேளையில் அவரிடமே சொல்லுங்கள். என் அனுபவத்தில் பாதி மாநாடு தேநீர் மேசையில்தான் நடக்கிறது.

அதிகாரிகள் வருகிறார்களே, மனு கொடுக்கலாமா?

வேண்டாம். மாநாட்டு மண்டபத்தில் வாங்கிய மனுவுக்குக் கோப்பும் இல்லை, எண்ணும் இல்லை. உங்கள் பிரச்சினையை எந்தப் பிரிவில் யார் பார்க்கிறார், எந்த அலுவலகம், எந்த நாளில் சந்திக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நேரில் போய் ஒப்புகைச் சீட்டோடு கொடுங்கள்.

நாங்களே கட்டுரை வாசிக்க முடியுமா?

முடியும். மாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பே கட்டுரைச் சுருக்கம் கேட்பார்கள். ஒரு கல்லூரி ஆசிரியரோடு சேர்ந்து எழுதினால் வடிவம் சரியாக வரும். அவருக்குக் களம் கிடைக்கும், உங்களுக்கு மேடை கிடைக்கும். ஒரு நிபந்தனையை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்: தகவல் தந்தவர்களின் பெயர் நன்றியுரையில் போகக்கூடாது, ஆசிரியர் வரிசையில் வர வேண்டும்.

எழுதப் பொருள் இல்லையே என்பவர்களுக்குப் பழவேற்காட்டு ஏரியின் பாடு முறையைச் சொல்வேன். எந்த இடத்தில், யார், எந்த முறையில் வலை போடலாம் என்பதை மீனவர்கள் ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். நீரின் மேல் வகுத்த நிலப் பயன்பாட்டுத் திட்டம் அது. ஒரு துண்டு வரைபடம்கூட இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. உங்கள் பகுதியிலும் இப்படி ஒன்று இருக்கும். பெயர் வைத்து எழுத ஆள் இல்லாமல் இருக்கும்.

களப்பயணத்தை வடசென்னையில் நடத்தித் தரச் சொல்கிறார்கள். எங்கே அழைத்துப் போகலாம்?

இந்த வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். குளிரூட்டிய பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்க்கும் பயணமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். காசிமேட்டில் விடியற்காலையில் தொடங்குங்கள். ஏலம் முடிவதற்குள் போனால்தான் ஒரு துறைமுகத்துக்கு எவ்வளவு இடம் தேவைப்படுகிறது என்று புரியும்: ஐஸ் உடைக்க, மீன் கொட்ட, வலை பின்ன, வண்டி திருப்ப. அங்கிருந்து கடலோரச் சாலையில் வடக்கே போய், ஒரு தூண்டில் வளைவின் மேல் எல்லாரையும் நிறுத்துங்கள். தென்புறம் மணல், வடபுறம் கல். நான் மேலே எழுதிய விளக்கம் அங்கே தேவைப்படாது.

பிறகு எண்ணூர் முகத்துவாரம். அங்கே பேச வேண்டியவர் நீங்கள் அல்ல, ஊரார். முன்கூட்டியே ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்து அனுமதி கேளுங்கள். தொழிலுக்குப் போகும் நேரத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். அவர்களுடைய நேரத்துக்கு, ஆலோசகருக்குத் தருவது போல, மாநாட்டுக் குழுவிடமிருந்து மதிப்பூதியம் வாங்கிக் கொடுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் எங்கே படிந்திருக்கிறது, முன்பு ஆழம் எவ்வளவு இருந்தது, இப்போது படகு எங்கே தரை தட்டுகிறது என்று அவர்கள் துடுப்பை ஊன்றிக் காட்டுவார்கள். கடைசியாக மணலி புதுநகர். அங்கே ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கோட்டின் அருகே நிற்க வையுங்கள். வந்தவர்களில் சிலர் அந்த மாதிரி மனைப்பிரிவு வரைகிறவர்களாக இருப்பார்கள்.

வீடுகளைப் படமெடுக்கும் முன் கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். குளிக்கும் இடம், சமைக்கும் இடம் எல்லாம் வாசலிலேயே இருக்கும் தெருக்கள் அவை.

தனியாக வரும் பெண்களுக்குச் சிரமம் இருக்குமா?

எனக்கு இருந்ததில்லை. வெளியூர் என்றால் தங்குமிடத்தை அமைப்பாளர்கள் மூலமே பதிவு செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் ஓர் அறை கேட்டு முன்பே எழுதுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் அதற்கு ஏற்பாடு செய்வார்கள்.

திரும்பி வந்த பிறகு என்ன செய்வது?

கேட்டதை ஒரு வாரத்துக்குள் உங்கள் தெருவில் சொல்லுங்கள். 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள், அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டங்கள், கூடத் தொடங்கியிருக்கின்றன. மாநாட்டில் கிடைத்த வரைபடத்தையும் நீங்கள் வரைந்த தாளையும் அருகருகே வைத்துக் காட்ட அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரித்திருக்கிறார்கள். 2026 முதல் 2046 வரையிலான மூன்றாம் முழுமைத் திட்டம் நம் பிள்ளைகள் வீடு கட்டும் காலம் வரை நீளப்போகிறது. அதற்கான வரைவு வெளியாகும்போது ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் தர சட்டம் இடம் தருகிறது. புல எண்ணோடு, ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்.

அடுத்த மாநாட்டுக்கு இப்போதிருந்தே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். இந்த ஐப்பசி மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் ஏறும்போது, நின்ற மட்டத்தில் சுவரில் ஒரு கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வடியும்போது இன்னொரு படம். பத்து வீட்டில் இதைச் செய்யுங்கள்.